தீக்காயம்: முதல் இருபது நிமிடமும் பிந்தைய இரண்டு வருடமும்



ரமலான் நெருங்குகிறது. பள்ளிவாசலில் கஞ்சி அடுப்பைச் செப்பனிடுவதும், தேக்சாக்களுக்கு ஈயம் பூசுவதும் ஆரம்பமாகிவிட்டன. இந்த வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நாலு வயதுப் பெண்பிள்ளையின் ஞாபகம் வரும். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நோன்பு நாள். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் கஞ்சி வாங்கி வந்த அவளுடைய நன்னி, தூக்குவாளியை அடுப்படித் தரையில் வைத்துவிட்டு வடைச்சட்டி பக்கம் திரும்பியிருக்கிறார். பிள்ளை வாளியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துவிட்டது. வலது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, நெஞ்சிலும் ஒரு பகுதி வெந்துபோனது. வீட்டில் இருந்தவர்கள் பதறிப்போய் டூத் பேஸ்ட்டை அப்பி, மேலே துணியைச் சுற்றி, ஆட்டோவில் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஐந்து நாள் ஆகியிருந்தது. அங்கே தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள்.

நம் டிரஸ்ட் ஜகாத் நிதியிலிருந்து உதவியது. ரசீதை வாங்கி, மருத்துவ உதவிக் கோப்பில் 'உதவி நிறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஐந்து மாதம் கழித்துப் பிள்ளையின் தாயார் அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"காயமெல்லாம் ஆறிடுச்சு பாய். கைதான் நீட்ட வரமாட்டேங்குது."

முழங்கை மடங்கிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. ஆறிய தழும்பு கயிறு போலத் திரண்டு, கையை உள்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. "டாக்டர் கையில மாட்டுற மாதிரி இறுக்கமா ஒரு உறை தைச்சு வாங்கச் சொன்னாங்க. விலை கேட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். கையை நீட்டிவிடச் சொன்னாங்க, இவ அழுவுறா, மனசு கேக்கல" என்றார். அறுவைக்குப் பணம் கொடுத்த நாங்கள், அதற்குப் பின் என்ன ஆனது என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு தீக்காயம் சம்பந்தமாக மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. ஆனால் உங்களுடைய மனுக்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. எந்த இடத்தில் நாம் தடுமாறுகிறோம் என்பது ஓரளவு தெரிகிறது.

தண்ணீர், தண்ணீர் மட்டுமே

நெருப்போ, கொதிநீரோ, கஞ்சியோ, எண்ணெயோ, எது பட்டாலும் முதல் வேலை குழாயைத் திறந்து காயத்தின் மீது சாதாரணத் தண்ணீரை ஓடவிடுவது. இருபது நிமிடம் விட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபது நிமிடம் போலத் தோன்றும். குழாய் இல்லாவிட்டால் குடத்திலிருந்து செம்பு செம்பாக ஊற்றலாம். உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் கட்டி கூடாது. அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். பச்சைக் குழந்தையாக இருந்தாலோ, காயம் பெரிதாக இருந்தாலோ, காயத்தைக் குளிரவைக்கும்போதே உடம்பின் மற்ற பகுதியைப் போர்வையால் போர்த்தி வையுங்கள்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரிந்தால் டூத் பேஸ்ட்டைத் தேடத் தோன்றாது. சுட்ட இடத்தின் நடுப்பகுதியில் தோல் செத்துவிடுகிறது. அதை யாராலும் மீட்க முடியாது. அதைச் சுற்றி ஒரு வளையம் பாதி உயிரோடு இருக்கும். அங்கே இரத்த ஓட்டம் மந்தப்பட்டு, பிழைப்பதா சாவதா என்ற நிலையில் தோல் ஊசலாடிக்கொண்டிருக்கும். அதற்கும் வெளியே வெறும் சிவப்பு, தானே ஆறிவிடும். சிகிச்சை எல்லாமே அந்த நடு வளையத்தைக் காப்பாற்றத்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் உடனே ஆறாதது போல, சூடு பட்ட தோலுக்குள்ளும் சூடு தங்கியிருந்து உள்ளே உள்ளே இறங்குகிறது. தண்ணீர் அதை வெளியே இழுக்கிறது. பேஸ்ட்டும் முட்டை வெள்ளைக்கருவும் இட்லி மாவும் பேனா மையும் அந்தச் சூட்டை மூடி உள்ளேயே பூட்டுகின்றன. ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வேதனை தனி. மஞ்சள், மை போன்ற நிறமுள்ளவற்றைப் பூசிவிட்டால் காயத்தின் ஆழத்தை டாக்டரால் கண்ணால் கணிக்கவும் முடியாமல் போகிறது.

ஓதி ஊதுவதை நான் தடுக்கவில்லை. துஆ ஓதுங்கள், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓதுங்கள். ஓதிய எண்ணெயை மட்டும் காயத்தில் தடவாதீர்கள்.

வளையல், மோதிரம், கடிகாரம், இடுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் வீக்கம் வந்து அவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உடலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது, சுற்றிலும் வெட்டி விடலாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான பருத்தி வேட்டித் துணியாலோ, உணவு மூட விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ லேசாக மூடிக்கொண்டு கிளம்புங்கள். பஞ்சு வைக்க வேண்டாம், அது ஒட்டிக்கொள்ளும். பெரிய காயமென்றால் வழியில் டீ, சோறு எதுவும் கொடுக்காதீர்கள்.

துணியில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. ஓட ஓடக் காற்று கிடைத்துத் தீ மேலேறி முகத்தைப் பிடிக்கும். தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் ஜமுக்காளமோ கனத்த கம்பளியோ போட்டுத் தீயை அணைக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். நம் வீடுகளில் அடுப்படியில் பாலியஸ்டர் நைட்டியும் மேலே நீளத் துப்பட்டாவும்தான் வழக்கமாக இருக்கிறது. பின்னலைப் போல துப்பட்டாவையும் முடிந்து செருகிக்கொண்டு சமைக்கும் பழக்கம் வந்தால் நல்லது.

வலி இல்லை என்றால் நிம்மதி அல்ல

காயத்தின் கடுமையை இரண்டு விதமாக அளக்கிறார்கள்: எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு.

தோலில் மேலடுக்கு, உள்ளடுக்கு என்று இரண்டு உண்டு. மேலடுக்கு மட்டும் சுட்டால் சிவந்து எரியும், கொப்புளம் வராது, ஒரு வாரத்துக்குள் தழும்பில்லாமல் போய்விடும். இதை முதல் டிகிரி என்பார்கள். உள்ளடுக்கின் மேல்பாகம் வரை சுட்டால் கொப்புளம் எழும்பும். அது உடைந்தால் அடியில் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். காற்று பட்டாலே துடிக்க வைக்கும். நன்றாகப் பராமரித்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். உள்ளடுக்கின் அடிப்பாகம் வரை போனால் நிறம் வெளுத்தும் திட்டுத் திட்டாகவும் இருக்கும், வலி குறையும், ஆற மூன்று வாரத்துக்கு மேலாகும், தடித்த தழும்பு விழும். இவை இரண்டுமே இரண்டாம் டிகிரிதான். தோல் முழுவதும் வெந்துவிட்டால் மூன்றாம் டிகிரி. அது மெழுகு போல வெள்ளையாகவோ, பழுப்பாகவோ, கருகியோ, தோல் செருப்பைத் தொட்டது போல விறைப்பாக இருக்கும். அங்கே வலி இருக்காது. வலியைச் சொல்லும் நரம்பு முனைகளும் சேர்ந்து வெந்துபோய்விட்டன என்பதால்தான் வலி இல்லை.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'புள்ள அழுவலையே, லேசான காயம்தான்' என்று வீட்டிலேயே வைத்துப் பார்ப்பார்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சுட்டதே தெரியாமல், நாலு நாள் கழித்துக் கறுத்த காலோடு வருகிறார்கள். இன்னொன்று, முதல் நாள் பார்த்த ஆழம் கடைசி ஆழம் அல்ல. அந்த நடு வளையம் பிழைக்காமல் போனால் இரண்டு மூன்று நாளில் காயம் இன்னும் ஆழமாகிவிடும். அதனால்தான் டாக்டர்கள் மூன்றாம் நாள் திரும்ப வரச் சொல்கிறார்கள்.

பரப்பைக் கணக்கிட எளிய அளவு: காயம் பட்டவருடைய உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவருடைய உடல் பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு ஒரு கை முழுவதும் 9 சதவீதம், தலையும் கழுத்தும் 9, ஒரு கால் 18, உடம்பின் முன்பக்கம் 18, முதுகுப் பக்கம் 18. குழந்தைக்குத் தலை பெரிது, அது மட்டுமே ஏறக்குறைய 18. நான் சொன்ன பிள்ளைக்கு ஒரு கையும் நெஞ்சில் ஒரு பகுதியும் சேர்ந்து பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பத்து சதவீதத்துக்கு மேல் வெந்த குழந்தையைக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஏனென்றால் தோல் போன இடத்திலிருந்து உடம்பின் நீர் கசிந்துகொண்டே இருக்கும். இரத்தம் சுண்டிப் போய்ச் சிறுநீரகம் நின்றுவிடும். அதை ஈடுகட்ட நரம்பு வழியாகத் திரவம் ஏற்றும் கணக்கு ஒன்று உலகம் முழுவதும் உண்டு: எடையை வெந்த சதவீதத்தால் பெருக்கி, அதை நாலால் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 7,200 மில்லி, அதாவது ஏழு லிட்டருக்கு மேல், முதல் 24 மணி நேரத்தில். இதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் சுட்ட நேரத்திலிருந்து கணக்கு, ஆஸ்பத்திரி வாசலை மிதித்த நேரத்திலிருந்து அல்ல. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், யாரைப் பார்த்தால் சிபாரிசு கிடைக்கும் என்று போன் போட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்த எட்டிலிருந்துதான் கழிகிறது. எத்தனை மணிக்குச் சுட்டது என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பரப்பு சிறிதாக இருந்தாலும் முகம், கை, பாதம், மூட்டுகள், மறைவிடம் ஆகிய இடங்களில் பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மின்சாரம் தாக்கிய காயம் வெளியே பொட்டு மாதிரி தெரியும், உள்ளே சதை வெந்திருக்கும், இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதையும் அசட்டை செய்யக் கூடாது. மூடிய அறையில் புகையில் சிக்கியவரின் மூக்கில் கரி இருந்தாலோ, குரல் கம்மினாலோ, உடம்பில் ஒரு காயமும் இல்லாவிட்டாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். மூச்சுக்குழல் வீங்கி அடைத்துவிடும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று தயங்கி நேரத்தை வீணாக்குபவர்களும் உண்டு. தீக்காயம் என்றால் ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் கொடுப்பது வழக்கம்தான். அதற்காகச் சிகிச்சை நிற்காது. உயிரைக் காப்பாற்றுவது முதல், சட்ட நடைமுறை அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். குறிப்பாக வீட்டுக்கு வந்த மருமகளுக்குத் தீக்காயம் என்றால், 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்று அவளுக்காக மற்றவர்கள் கதை சொல்லக் கூடாது. அவளைத் தனியாகப் பேசவிடுங்கள். வீட்டில் சண்டை, தற்கொலை எண்ணம் என்று எது இருந்தாலும் காயம் நடப்பதற்கு முன்பே ஜமாஅத்துக்கு வரட்டும். இரகசியம் காக்கப்படும்.

ஒட்டுத்தோல் என்பது என்ன

தோலின் உள்ளடுக்கில் ரோமக் கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் புதைந்திருக்கின்றன. மேலே வெந்துபோனாலும் இந்தக் குழிகளுக்குள் மிச்சமிருக்கும் உயிரணுக்கள் பெருகித்தான் புதுத்தோல் உண்டாகிறது. தோல் முழுவதும் வெந்த இடத்தில் அந்த விதையே இல்லை. ஓரங்களிலிருந்து மட்டும் மெல்ல மெல்ல ஊர்ந்து வர வேண்டும். சிறு காயம் அப்படி மூடிக்கொள்ளும். உள்ளங்கை அகலக் காயம் மாதக்கணக்கில் திறந்து கிடந்து, சீழ் பிடித்து, கடைசியில் சுருங்கித்தான் மூடும். அப்படிப்பட்ட இடத்துக்கு வேறு இடத்திலிருந்து தோல் கொண்டுவந்து வைப்பதுதான் தோல் ஒட்டு அறுவை.

1869ல் பாரிசில் ரெவெர்தின் என்ற இளம் மருத்துவர் சின்னஞ்சிறு தோல் துணுக்குகளைக் காயத்தின் மேல் வைத்து, அவை பிடித்துக்கொண்டு வளர்வதைக் காட்டினார். அதன் பிறகும் நூறு வருடத்துக்கு, வெந்த தோல் தானாக அழுகி விழும் வரை வாரக்கணக்கில் காத்திருந்துதான் ஒட்டுவைத்தார்கள். அந்தக் காத்திருப்பில் கிருமி தொற்றிப் பலர் இறந்தார்கள். ஸ்லோவேனியாவின் மரிபோர் நகரில் பணியாற்றிய ஸோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர், செத்த தோலை முதல் சில நாட்களிலேயே மெல்லிய சீவல்களாகச் சீவி, இரத்தம் கசியும் உயிருள்ள அடுக்கு தெரிந்ததும் அன்றே ஒட்டுவைக்கலாம் என்று 1970ல் எழுதிய பிறகு உலகமே மாறியது. 'இவ்வளவு அவசரமாக எதற்கு ஆபரேஷன், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே' என்று நம் ஆட்கள் டாக்டரிடம் கேட்பது வழக்கம். ஆழமான காயத்தில் அந்தப் பொறுமை கெடுதலாகத்தான் முடியும்.

பெரும்பாலும் தொடையிலிருந்துதான் தோல் எடுக்கிறார்கள். முழுத் தோலையும் உரிப்பதில்லை. மேலடுக்கும் உள்ளடுக்கில் கொஞ்சமும் சேர்த்து, அரை மில்லிமீட்டரை விட மெல்லியதாகச் சீவுகிறார்கள். எடுத்த இடத்தில் ரோமக் கால்கள் மிச்சமிருப்பதால் அது இரண்டு வாரத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். இடம் போதாவிட்டால் ஆறிய அதே இடத்திலிருந்து மறுபடியும் எடுக்கலாம். தோல் எடுத்த இடம்தான் ஒட்டிய இடத்தை விட அதிகமாக வலிக்கும். இது முன்கூட்டியே தெரிந்தால் 'நல்லா இருந்த தொடையையும் கெடுத்துட்டாங்க' என்ற பேச்சு வராது.

காயம் பெரிது, தோல் குறைவு என்றால் எடுத்த தோலில் இயந்திரத்தால் சின்னச் சின்னக் கீறல் போட்டு வலை போல இழுத்து விரிக்கிறார்கள். கண்ணிகளுக்கு இடையில் தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும். வலைக்கோலம் மட்டும் கடைசி வரை கொஞ்சம் தெரியும். அதனால் முகத்துக்கும் கைக்கும் முடிந்தவரை முழுத் துண்டாகவே வைப்பார்கள். கண் இமை, விரல் போன்ற சிறிய இடங்களுக்குச் சில சமயம் முழுக் கனத் தோலை எடுத்து வைப்பதும் உண்டு. எடுத்த இடத்தைத் தைத்துவிடுவார்கள்.

வைத்த தோல் முதல் இரண்டு நாள் அடியிலுள்ள நீரை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. பிறகு அடியிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனோடு இணைகின்றன. ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த ஐந்து நாளும் அது நகரக் கூடாது, அடியில் இரத்தமோ சீழோ தேங்கக் கூடாது. நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்கள் கட்டிலில் உட்காருவதும், கட்டைத் தொட்டுப் பார்ப்பதும், வெளியே நின்று கொண்டு வந்த சாப்பாட்டைக் கையால் ஊட்டுவதும் அப்போது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. நலம் விசாரிப்பது ஸுன்னத்துதான். தீக்காய வார்டு வாசலிலிருந்தே விசாரிக்கலாம்.

அந்தப் பிள்ளையின் தாயார் அன்று டாக்டரிடம், "என் தோலை எடுத்து வையுங்க, எம்புள்ளைக்கு வேணாம்" என்று கெஞ்சியிருக்கிறார். அது முடியாது. ஒருவருடைய தோல் இன்னொருவர் உடம்பில் நிரந்தரமாகப் பிடிக்காது, தாயுடையதே ஆனாலும் சரி. ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. ஆனால் உடம்பில் பாதி வெந்தவர்களுக்குச் சொந்தத் தோல் போதாதபோது, இறந்தவர் தோலைத் தற்காலிகப் போர்வையாக வைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரம் நீரிழப்பையும் கிருமியையும் தடுத்துவிட்டு அது கழன்றுவிடும். அதற்குள் சொந்தத் தோல் எடுக்க அவகாசம் கிடைக்கும். இதற்காகத் தோல் வங்கிகள் மும்பை போன்ற ஊர்களில் இருக்கின்றன. மரணித்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய அடுக்காக எடுப்பார்கள். இரத்தப் பிரிவு பொருந்தவேண்டிய அவசியமில்லை.

மார்க்க நிலை என்ன என்று கேட்பீர்கள். ஜித்தாவில் 1988 பிப்ரவரியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பலன் தீங்கை விட அதிகமாக இருக்கும் பட்சத்தில் ஒருவருடைய உடம்பின் ஒரு பகுதியிலிருந்து எடுத்து அவருக்கே இன்னொரு பகுதியில் வைப்பது ஆகும் என்று முடிவு செய்தது. ஆகவே சொந்தத் தோலை ஒட்டுவதில் யாரும் தயங்க வேண்டியதில்லை. இறந்தவரின் தோலைத் தானம் செய்வதில் நம் நாட்டு உலமாக்களிடம் இரு கருத்தும் உள்ளன. அதை உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப் போட்டிருக்கும்போது ஒளு எப்படி என்ற சந்தேகத்தில் சிலர் கட்டை அவிழ்த்து நனைத்திருக்கிறார்கள். கட்டின் மேல் மஸஹ் செய்ய அனுமதி உண்டு. தயம்முமும் சேர்த்துச் செய்ய வேண்டுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. பெண்ணுக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று வார்டில் சண்டை போடாதீர்கள். இருந்தால் நல்லது, இல்லையென்றால் சிகிச்சைக்கு அவசியமான அளவு காட்ட அனுமதி உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் சாப்பாடு. 'முட்டையும் கறியும் கொடுத்தால் சீழ் பிடிக்கும்' என்று பத்தியக் கஞ்சி கொடுக்கும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் உறுதியாக இருக்கிறது. தீக்காயத்தில் உடம்பு தன் சதையையே கரைத்து எரிக்கும். புரதம் வழக்கத்தை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவை. முட்டை, மீன், கறி, பருப்பு, பால் எல்லாம் கொடுங்கள். நோன்பைப் பிறகு களா செய்துகொள்ளலாம்.

அடுத்ததுதான் நாங்கள் தவறவிட்டது. ஆறிய தழும்பு செத்த பொருள் அல்ல. ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம் வரை அது தடித்துக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருக்கும். எந்த நிலையில் வலி குறைவோ அந்த நிலையில்தான் நோயாளி கையை வைத்திருப்பார். முழங்கையை மடக்கி, கழுத்தைக் குனிந்து, விரலைச் சுருட்டி. அந்த நிலையிலேயே தழும்பு இறுகிவிடும். சுகமாக இருக்கிறதே என்று கழுத்துக்குத் தலையணை வைத்தால், தாடை நெஞ்சோடு ஒட்டிப் போகும். அதனால் இரவில் பலகைக் கட்டு, பகலில் பயிற்சி. நீட்டும்போது வலிக்கும். அழுதாலும் மெதுவாக நீட்டத்தான் வேண்டும்.

இறுக்க உறை என்பது அளவெடுத்துத் தைத்த மீள்துணிச் சட்டை. குளிக்கும் நேரம் தவிர நாளெல்லாம், ஏறக்குறைய 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். தழும்பு சிவப்பு மாறி, மெத்தென்று ஆகும் வரை, வழக்கமாக ஒரு வருடத்தை ஒட்டி. துணியின் இழுவை மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும், பிள்ளையும் வளரும். ஆகவே ஒன்று போதாது. ஒட்டுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பி இல்லாததால் வறண்டு வெடிக்கும், அரிக்கும். முழுவதும் மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவித் தினமும் அழுத்தித் தேய்த்துவிடலாம். வெயில் பட்டால் கறுத்துவிடும், நீளக்கை போடுங்கள். பெரிய பரப்பில் ஒட்டு வைத்தவர்களுக்கு அங்கே வியர்க்காது, கோடையில் சீக்கிரம் தளர்ந்துவிடுவார்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அதை வீட்டில் பெட்டிக்குள் வைத்திருக்காமல் முதல் நாளே ஆஸ்பத்திரியிலுள்ள திட்டக் கவுண்ட்டரில் காட்டுங்கள். அட்டை இல்லாதவர்களுக்கு வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கொண்டு விண்ணப்பிக்க நம் அலுவலகத்தில் உதவுகிறோம்.

டிரஸ்ட் தரப்பில், தீக்காய உதவியை இனி ஒரே தவணையில் கொடுத்து முடிப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அறுவைக்கு ஒரு பங்கு. மீதி உறைக்கும், பிசியோதெரபிக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கும். கோப்பு இரண்டு வருடம் திறந்தே இருக்கும். மாதம் ஒரு முறை பெண் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் வருவதைக் கணக்குக் கேட்க வருவதாக நினைக்க வேண்டாம். பழைய தழும்பால் கை, கழுத்து இழுத்திருப்பவர்கள், எத்தனை வருடமாகியிருந்தாலும், வந்து சொல்லுங்கள். இறுகிய தழும்பை வெட்டி விடுவித்து, இடைவெளியில் புதுத்தோல் வைக்கும் அறுவை உண்டு. அந்தப் பிள்ளைக்கும் அதைத்தான் செய்தார்கள். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. முழங்கை இன்னும் ஒரு விரற்கடை நீள வேண்டியிருக்கிறது. எழுதுவது வலது கையால்தான்.

இந்த ரமலானில் பள்ளியில் கஞ்சி வாங்க வருபவர்கள் திருகு மூடியோ இறுக்க மூடியோ உள்ள பாத்திரம் கொண்டு வாருங்கள். திறந்த சட்டியில் ஊற்ற வேண்டாம் என்று கஞ்சி காய்ச்சும் சகோதரர்களிடம் சொல்லியிருக்கிறோம். கஞ்சி தண்ணீர் போல வழிந்து ஓடாது. தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வரிசைக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் தரையில் வைக்காமல் மேடை மீது, சுவரோரம் தள்ளி வையுங்கள்.